மூன்றாவது சரணம்

அண்ணனும் அண்ணியும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். பத்தேகாலுக்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாமல் இருக்க வேண்டுமானால் நான் வேறு ஏதாவது வேலைக்குப் போயிருக்க வேண்டும்.

என் வேலை காது சோதிப்பது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் சின்னதாக ஒரு நிலையம் வைத்திருக்கிறேன். உள்ளே சத்தம் புகாத ஓர் அறை, அதன் சுவரில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் என் மேசையில் சிவப்பு விளக்கு ஒன்று எரியும். பதினெட்டு வருஷமாக அந்த விளக்கைப் பார்த்துத்தான் வயிறு வளர்க்கிறேன். காது மந்தமானவர்கள் செய்கிற தில்லுமுல்லு எல்லாம் எனக்கு அத்துப்படி. என் கை அசைவதைப் பார்த்து அழுத்துவார்கள், கண் சிமிட்டுவதைப் பார்த்து அழுத்துவார்கள். அதனால் உள்ளே இருக்கும் நாற்காலியை எனக்கு முதுகைக் காட்டித்தான் போட்டிருக்கிறேன்.

வாசலில் அண்ணன் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது என் மகள் பின்னாலிருந்து, "மாமா, எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கேட்டாள். அண்ணி அவன் முதுகில் விரலால் இரண்டு தட்டு தட்டினாள். அவன் உடனே நிமிர்ந்து, எல்லோரையும் பார்த்து வாய் நிறையச் சிரித்து, "அடேயப்பா, எவ்வளவு வளர்ந்துட்டா" என்றான். மகளுக்கு முகம் சுண்டிப்போனது. மாமாவுக்குத் தன்னோடு பேச இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முதலில் போவது குழந்தைகளின் குரல்தான். அப்புறம் பெண்கள். அது எந்தக் காதிலும் அப்படித்தான்.

சோபாவில் அண்ணி அவனை ஒட்டி உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. யாராவது அவனிடம் பேசினால் அவள் விரல் அவன் முழங்காலை இரண்டு தடவை தட்டும், அவன் அந்தப் பக்கம் திரும்புவான். பிறகு பேசுகிறவர் வாயைப் பார்ப்பான். இது ஒரு நாளில் பழகுகிற பழக்கம் இல்லை. எத்தனை மாசம் பயிற்சி எடுத்தார்களோ.

சாப்பாட்டு மேசையில் அண்ணி எழுந்து தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், "பஸ்ல கூட்டமா மச்சான்?" என்று கேட்டு வைத்தார்.

"போதும் மாப்பிள்ளை, ஏற்கெனவே ரெண்டு முட்டை சாப்பிட்டேன்" என்றான் அண்ணன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பெட்டி பெட்டியாகச் சரக்கைக் கப்பலிலிருந்து தூக்கிக் கீழே இறக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீட்டறை அளவு இருக்கும். கீழே நிற்பவர்கள் அவனுக்கு எறும்பு மாதிரித்தான் தெரிவார்கள். அவர்கள் ரேடியோவில் 'இறக்கு' என்றால் இறக்க வேண்டும், 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை காது சோதித்துச் சான்று கொடுத்தால்தான் மேலே ஏற விடுவார்கள்.

போன வருஷத்துச் சான்றில் கையெழுத்துப் போட்டவள் நான்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். போன வருஷம் அவன் வரவே இல்லை. படிவத்தை மட்டும் தபாலில் அனுப்பி, "லீவு கிடைக்கலை வாயாடி, நீயே பார்த்துப் போட்டு அனுப்பிடு" என்று போனில் சொன்னான். அண்ணன்தானே, அவன் காதில் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். இரண்டு பேரைச் சோதிக்கிற இடைவெளியில், படிவத்திலிருந்த காது வரைபடத்தில் புள்ளிகளை என் கையாலேயே வைத்து, கோடு இழுத்து, 'இயல்பு' என்று எழுதி, முத்திரை குத்தினேன். கோடு ரொம்ப நேராக இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று ஒரு இடத்தில் லேசாக வளைத்தும் விட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் பையிலிருந்து பைபிளை எடுத்தான். அதன் ஜிப் வைத்த உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த படிவம் வந்தது.

"திங்கட்கிழமை ஆபீஸ்ல கொடுக்கணும்" என்றான். அவன் சாதாரணமாகப் பேசுவதே பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

நான் அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். "சோதிச்சுட்டுப் போடறேன். நிலையம் பக்கத்துலதான். இருபது நிமிஷம்."

"போன வருஷம் சோதிச்சியா?"

"இல்லை. அது தப்பு."

"அப்ப தப்பு இல்லாம இருந்துச்சு, இப்ப தப்பாயிடுச்சா? நீ என் தங்கச்சியா, ஆபீசரா?"

வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். பாட்டில் மட்டும் அது பலிக்காது. சின்ன வயதில் சர்ச்சில் எனக்கு இரண்டாம் குரல், அதாவது மெட்டை விட்டு விலகி இழைந்து பாடுகிற குரல், நிற்கவே நிற்காது. பக்கத்தில் யார் என்ன பாடினாலும் அதோடு ஓடிவிடுவேன். எனக்குப் பின் வரிசையில் நின்றுகொண்டு, தன் பாட்டை விட்டுவிட்டு, நான் பாட வேண்டியதை என் காதுக்குள் பாடிக்கொண்டே இருந்தவன் இவன். இன்றைக்கு நான் பாடகர் குழுவில் நிற்கிறேன் என்றால் அதனால்தான். அந்த வாயையும் இந்தக் காதையும் நினைத்தால் எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று நழுவினேன்.

பாத்திரம் கழுவும்போது அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். குழாயை நான் மூடப் போனேன். "ஓடட்டும்" என்றாள். பழக்க தோஷம். அவனுக்குக் கேட்டுவிடும் என்று எதற்குப் பயப்படுகிறாளோ.

"எவ்வளவு நாளா அண்ணி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். காதுக்குள்ள எந்நேரமும் விசில் அடிக்குதாம். படுத்தாலும் அடிக்குதாம்."

"வேலைல எப்படிச் சமாளிக்கிறான்?"

அவள் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. நாலு மாசம் முன்னாடி கீழ கொக்கி மாட்டறவர் ரேடியோல நிறுத்துன்னு கத்தியிருக்கார். இவர் இறக்கிட்டார். அந்த ஆள் துள்ளி விழுந்ததால பிழைச்சார். ஷூவோட முனை பெட்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு. விரல் தப்பிச்சது. ரேடியோ கோளாறுன்னு எழுதி முடிச்சுட்டாங்க."

ரேடியோவில் கோளாறு இல்லை, என் கையெழுத்தில்தான் கோளாறு. நாலு மாசத்துக்கு முன்னால் அவனை மேலே ஏற்றி உட்கார வைத்திருந்தது அந்த வளைத்துவிட்ட கோடுதான்.

"அப்புறமும் கையெழுத்துப் போடச் சொல்றீங்களே அண்ணி."

"ரிட்டயராக இன்னும் ஆறு வருஷம்தான்" என்றாள். "கிரேனை விட்டா அவருக்கு வேற என்ன தெரியும்? கீழ இறக்கி ஒரு மூலையில உட்கார வச்சா அந்த மனுஷன் செத்துடுவார். நான் ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்கேன். ஒண்ணும் ஆகாது. போட்டுடு."

அவள்மேல் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஜெபம் பண்ணுகிறாளாம். அந்த ஆளின் வீட்டில் ஜெபம் பண்ண மாட்டார்களா? ஆனால் கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இருந்தால்தானே. அவள் முழங்காலைத் தட்டினாள், நான் முத்திரையைக் குத்தினேன். குழாயை மூடினேன்.

மறுநாள் காலை எல்லோரும் சேர்ந்து சர்ச்சுக்கு நடந்தோம். வீட்டுக்காரர் ஆர்கன் வாசிக்கிறவர், முன்னாலேயே போய்விட்டார். வழியெல்லாம் அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்த இரண்டு பேர் பார்த்துப் புன்னகை செய்தார்கள். இந்த வயதிலும் என்ன அன்னியோன்யம் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் சர்ச்சில் ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். நடுவில் நடைபாதை. வாசலில் அண்ணி ஒரு கணம் தயங்கினாள். அவர்களுடைய சர்ச்சில் குடும்பமாக உட்காரலாம். இங்கே முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணன் ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தான். அண்ணி அதே வரிசைக்கு நேரே பெண்கள் பக்கம் ஓர் இடம் பிடித்தாள். நான் பாடகர் குழுவோடு முன்னால், சபையைப் பார்த்தபடி. இரண்டு பேருமே எனக்கு நன்றாகத் தெரிந்தார்கள்.

முதல் பாதி ஒப்பேறிவிட்டது. மற்றவர்கள் எழுந்தால் எழுந்தான், உட்கார்ந்தால் உட்கார்ந்தான். போதகர் பேசும்போது அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு கவனமாகக் கேட்கிற ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் இவனைப் பார்த்தே பேசினார். பிரசங்கம் பத்து நிமிஷம் நீண்டுபோனது.

பிரசங்கம் முடிந்ததும் பாட்டு. நாங்கள் சின்ன வயதிலிருந்து பாடுகிற பாட்டு. வரி தெரிந்ததால் அண்ணன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அவனுக்குக் கனத்த குரல். அந்த வயதுக்கு இன்னும் நடுங்காமல் இருக்கிறது. ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பாடகர் குழுத் தலைவர் ஒரு பழைய கணக்கு வாத்தியார். அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. மூன்றாவது சரணத்தைப் பெண்கள் மட்டும் பாட வேண்டும். ஆர்கனும் கிடையாது. இரண்டாவது சரணத்தின் கடைசி வரி முடியும்போது ஆண்கள் பக்கம் கையைக் காட்டி, "பெண்கள் மட்டும்" என்று ஒரு அதட்டல் போடுவார். அன்றைக்கும் போட்டார். வீட்டுக்காரர் கையை எடுத்தார். ஆண்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அண்ணன் பாடிக்கொண்டிருந்தான்.

கண்ணைத் திறந்திருந்தால் தப்பியிருப்பான். திறக்கவில்லை. பாடுகிறபோது நம் குரல் எலும்பு வழியாக நமக்குக் கேட்கும், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கேட்கும். காது மந்தமானவனுக்கு அது மட்டும்தான் கேட்கும். பெண்கள் இரண்டு வரி அவனோடு சேர்ந்து பாடிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் நிறுத்தினார், இன்னொருத்தர் நிறுத்தினார். இது ஏதோ ஏற்பாடு செய்த தனிப்பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நானும் நிறுத்திவிட்டேன். முந்நூறு பேர் நிற்கிற இடத்தில் ஒரே ஒரு குரல். பாட்டின் நடுவில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கிக்கொண்டும் வந்தது.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு நடைபாதை அகலம். கூப்பிட்டுப் பயனில்லை, எட்டித் தொடவும் முடியாது. அவள் விரல் அவளுடைய தொடையையே இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டிருந்தது.

நாலாவது சரணத்துக்கு ஆர்கன் சேர வேண்டும். பழைய சுருதியில் சேர்ந்தால் அண்ணன் குரல் தனியாக நாராசமாகத் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து ஒரு கணம் கேட்டார். பிறகு ஆர்கனில் ஒரு பொத்தானைத் தட்டி, சுருதியை அவன் இருந்த இடத்துக்கு இறக்கி, மெதுவாகச் சேர்ந்துகொண்டார். சபையும் அந்தச் சுருதியிலேயே சேர்ந்தது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எல்லாம் சரியாக நடந்த மாதிரி.

என் வீட்டுக்காரரை அந்த நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்த நிமிஷமே உறைத்தது. இதைத்தானே எல்லோரும் செய்துகொண்டிருக்கிறோம். அவன் எங்கே இறங்குகிறானோ அங்கே நாங்களும் இறங்கி நின்றுகொண்டு, சுருதி சேர்ந்துவிட்டது என்று அவனை நம்ப வைக்கிறோம். இங்கே பாட்டு, போனால் போகிறது. அங்கே பெட்டி.

ஆராதனை முடிந்து வெளியே காபி குடிக்க நின்றபோது ஆளாளுக்கு வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அண்ணி ஓடிவந்து அவன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். கணக்கு வாத்தியார் மட்டும் கொஞ்சம் விறைப்பாக வந்தார்.

"தனியா பாடப் போறேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே. மைக் வச்சிருப்பேன்" என்றார். பள்ளிக்கூடத்துப் பழக்கம், ஒவ்வொரு வார்த்தையையும் வாய் திறந்து அழுத்தி உச்சரிப்பார். அண்ணனுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே இருந்தான். காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "தனியாவா?" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது என்னை நிறுத்தி, என் வாயைப் பார்த்துக் கேட்டான்.

"எப்ப நிறுத்தினாங்க?"

"மூணாவது சரணத்துல."

"முழுசுமா?"

"ரெண்டு வரிக்கு அப்புறம் முழுசும் நீ மட்டும்தான் பாடினே அண்ணா."

ஒரு லாரி எங்களை உரசுகிற மாதிரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அது அவனுக்குக் கேட்டது, விலகினான். அதில் அவனுக்கு ஒரு தைரியம் வந்ததைப் பார்த்தேன்.

"கேக்காம இல்லை" என்றான். "பாடும்போது கவனம் வேற எங்கேயோ போயிடுச்சு. வா, உன் ரூமுக்கே போவோம். சோதிச்சுப் பாரு. பாஸ் பண்ணிட்டா கையெழுத்துப் போடுவேதானே?"

"போடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. மகளை வீட்டுக்காரரோடு அனுப்பிவிட்டு, சாவியைப் போட்டு ஷட்டரைத் தூக்கினேன். அந்தச் சத்தத்துக்கும் அண்ணன் திரும்பிப் பார்த்தான், எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கேட்கிறது பார் என்று சொல்கிற மாதிரி.

அவனை நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டினேன். முன்னால் மண்டியிட்டு, முகத்துக்கு நேராகச் சொன்னேன். "சத்தம் ரொம்பச் சின்னதா வரும். விசில் மாதிரி. கேட்டா அழுத்து. கேக்கலைன்னா அழுத்தாதே. யூகிக்காதே அண்ணா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"யூகிக்க மாட்டேன்" என்றான். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு உட்காருகிறவன் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டான். நான் கனமான கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணி என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய பைபிள். அவள் பார்வை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த அவன் முதுகிலேயே இருந்தது. நான் கருவியின் சுவிட்சைப் போட்டேன். அது சூடாக ஒரு நிமிஷம் ஆகும். கோப்பைத் திறந்து புதுத் தாள் எடுத்து, அவன் வயதை எழுதினேன். வேலை என்ற கட்டத்தில் கிரேன் என்று எழுதினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. "கேக்குது பாரு" என்று என் கையைப் பிடித்தாள்.

விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. உள்ளே அண்ணன் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, ரொம்பக் கவனமாக, நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தான். ஏமாற்றுகிறவன் அப்படி உட்கார மாட்டான். எத்தனையோ பேரைப் பார்த்தவள் நான். அவனுக்கு நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரியா அழுத்தறாரா?" என்றாள் அண்ணி.

"அண்ணி" என்றேன். "நான் இன்னும் ஆரம்பிக்கலை."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் கை தானாகவே மேலே போனது, இரண்டு விரலை நீட்டிக்கொண்டு. கண்ணாடியில் இடித்து நின்றது. தட்டவில்லை. விளக்கு இன்னும் இரண்டு தடவை எரிந்து அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த பைபிளின் ஜிப்பைத் திறந்து, நாலாக மடித்த படிவத்தை எடுத்து, பிரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, என் முன்னால் வைத்தாள்.

"இருக்கறதை எழுது" என்றாள்.

கருவி தயாராகிவிட்டது. அவன் கை ஓயும்வரை காத்திருந்து, முதல் சத்தத்தை அனுப்பினேன். விளக்கு எரியவில்லை.